தாமோதரனுக்குப் போட்ட மாலை

ராயபுரம் கல்மண்டபத்தில் வந்து மலிகா வீடு எது என்று கேட்டால் நாலு பேர் நாலு பக்கம் கையைக் காட்டுவார்கள். பூக்கார பாயம்மா வீடு என்று கேட்டால் டீக்கடைக்காரரே எழுந்து வந்து சந்து வரைக்கும் கொண்டுவந்து விட்டுப் போவார். அந்தப் பேரை நம்பி ஒரு முழம் மல்லி வாங்கலாம் என்று போகிறவர்கள் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். அவளிடம் இருக்கிற பூவில் ஒன்றுகூட மண்ணில் முளைத்தது கிடையாது. துணி, ரப்பர், ஸ்பாஞ்சு, கம்பி, பச்சை டேப்பு, இவ்வளவுதான் அவள் தோட்டம்.

ஆனால் பார்த்தால் சத்தியமாகத் தெரியாது. தண்டையார்பேட்டையில் ஒரு அம்மாள், மலிகா வைத்துவிட்டுப் போன ரோஜா ஜாடிக்குத் தினமும் காலையில் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். துணி ஊறிப்போய் நாற்றம் எடுத்த பிறகுதான், "இன்னாம்மா, பூவு அழுவிப்போச்சு" என்று போன் போட்டாள். வேறு யாராவதாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். மலிகா அதைத் தெரு முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "எனக்கு இன்னாத்துக்கு போர்டு? அந்தம்மா ஊத்துன தண்ணிதான் எனக்கு சர்டிபிகேட்டு" என்றாள்.

அந்தத் திறமைக்குப் பின்னால் பெரிய படிப்பெல்லாம் இல்லை. கண்தான். பாரிமுனை மொத்தக் கடையில் கட்டுக் கட்டாக விற்கிற பூவை வாங்கி வந்து அப்படியே ஜாடியில் குத்தி வைக்கிறவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். மலிகா அதை முதலில் கெடுப்பாள். கொதிக்கிற தண்ணீரின் ஆவியில் இதழ்களைக் காட்டி வளைப்பாள். இரண்டு பூவை முழுசாக விரித்தால் அடுத்ததை மொட்டாகவே விட்டுவிடுவாள். ஆறிப்போன டீ டிகாஷனில் பிரஷ்ஷைத் தொட்டு, இதழின் ஓரத்தில் லேசாகப் பழுப்பு இழுப்பாள். இலையில் கத்தரி நுனியால் பூச்சி அரித்த மாதிரி ஓட்டை போடுவாள். "எல்லாம் பளிச்சுனு இருந்தா பொய்னு காட்டிக் குடுத்துரும். கொஞ்சம் வாடுன மாதிரி இருந்தாத்தான் ஜனம் நம்பும்" என்பது அவள் கண்டுபிடிப்பு.

அவள் புருஷன் அப்துல் வஹாப் துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்புகிற ஒரு லாரி ஆபீசில் வேலை பார்த்தார். ராத்திரி வீட்டுக்கு வந்தால் கட்டில் மேல் கம்பியும் காம்பும் கிடக்கும். "புதுசா வாங்குனத பழசாக்குறதுக்கு ஒரு பொம்பள, அவளுக்கு ஆர்டர் குடுக்குறதுக்கு ஒரு ஊரு" என்று கிண்டல் பண்ணிக்கொண்டே அதையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் படுப்பார்.

ஊரைக் குறை சொல்லி என்ன பண்ண. திருவொற்றியூரில் தொடங்கி எண்ணூர் வரைக்கும் எங்கே வேண்டுமானாலும் ஒரு செடி வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் உப்புக் காற்று, இன்னொரு பக்கம் அனல் மின் நிலையத்துச் சாம்பல், நடுவில் கன்டெய்னர் லாரிப் புழுதி. மாடியில் காயப்போட்ட துணியையே நாலு உதறு உதறித்தான் உடுத்த வேண்டியிருக்கிறது, ரோஜாச் செடி என்ன பாடுபடும். வைத்துப் பார்த்து, கருகி, மறுபடி வைத்துப் பார்த்து, அதுவும் கருகி, மனம் விட்டுப்போனவர்கள்தான் மலிகாவிடம் வருவார்கள். டி.வி.க்குப் பக்கத்திலும் சாமி அலமாரி மேலும் அவள் வைத்துவிட்டுப் போகிற பூவை அவ்வப்போது சோப்புத் தண்ணீரில் அலசி வைத்தால் போதும்.

அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. சொல்ல வந்ததே அதைத்தான்.

மலிகாவின் சனத்தில் மௌத்தானவர்களின் படத்தைச் சுவரில் மாட்டி மாலை போடுகிற பழக்கம் கிடையாது. அவள் வீட்டுச் சுவர் முழுக்கப் பூ இருக்கும், படம் ஒன்றுகூட இருக்காது. ஆனால் இந்து வீடுகளுக்குப் போய்ப் போய் அவர்கள் முறையெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆரம்பத்தில் ஒருதரம் திருவொற்றியூரில் ஒரு வீட்டை அலங்காரம் செய்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். செத்துப்போன பெரியவர் படத்தில் கிடந்த பிளாஸ்டிக் மாலை சாம்பல் படிந்து கறுத்துப்போயிருந்தது. அவளுக்கு மனசு கேட்கவில்லை. மிச்சம் இருந்த மல்லியில் நிஜம் போலவே ஒரு மாலை கட்டிப் போட்டுவிட்டாள். அந்த வீட்டு அம்மாள் வந்து பார்த்தாள், மலிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

அன்றிலிருந்து எந்த இந்து வீட்டுக்குப் போனாலும் செத்தவர் படத்துக்கு ஒரு மாலை மலிகாவின் அன்பளிப்பு. முன்னால் கேட்கவும் மாட்டாள், சொல்லவும் மாட்டாள். போட்டுவிட்டுச் சும்மா நிற்பாள். வீட்டுக்காரர்கள் பார்த்து முகம் கலங்குகிற அந்த நேரம் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நல்ல மனசுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நல்ல மனசுக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிடுகிறது. எல்லார் வீட்டு முறையும் நமக்குத் தெரியும் என்கிற தலைக்கனம். அதுதான் அவளைக் குப்புறத் தள்ளியது.

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் தாயம்மா என்று ஒருத்தி. புருஷன் நீலமேகம் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாயிற்று. மகள் சிவந்திக்கு நிச்சயதார்த்தம் வந்தது. வீட்டுக் கூடத்தைப் பூவால் அலங்காரம் பண்ண வேண்டும் என்று மலிகாவுக்குப் போன் போட்டவள் தாயம்மாவின் மருமகள் ஜெயஸ்ரீ.

மலிகாவுக்கு அன்றைக்குத் தெரியாத ஒன்று உங்களுக்கு இப்போதே தெரிந்துவிடட்டும். ஜெயஸ்ரீயின் புருஷன், தாயம்மாவின் மூத்த மகன் தாமோதரன், மூன்று வருஷத்துக்கு முன்னால் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. கூடப் போனவன் திலீப். காற்று பிடித்துக்கொண்டது. போட்டு மட்டும் பழவேற்காடு பக்கம் தனியாக மிதந்துகொண்டிருந்தது. திலீப்பின் உடம்பு அங்கேயே கரை ஒதுங்கியது. தாமோதரனின் உடம்பு எங்கேயும் ஒதுங்கவில்லை.

குப்பத்துப் பெரியவர்கள் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, காரியம் பண்ணிவிடலாம் என்றார்கள். தாயம்மா கத்தரித்தாற்போலச் சொல்லிவிட்டாள். "கடலு எடுத்தா திருப்பிக் குடுக்கும். திலீப்பக் குடுத்துச்சா இல்லியா? என் புள்ளையக் குடுக்கல. அப்ப என் புள்ள கடல்ல இல்ல. எங்கியோ கீறான்." காரியம் நடக்கவில்லை. ஆகவே தாமோதரன் சாகவில்லை, ஜெயஸ்ரீ தாலி அறுக்கவும் இல்லை. பொழுது சாய்ந்தால் தாயம்மா பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து போய் மல்லி வாங்கி வந்து, மருமகளைத் திரும்பி உட்காரச் சொல்லித் தன் கையாலேயே தலையில் வைத்துவிடுவாள். ஒருநாள் தவறியது கிடையாது. மகன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அந்த வீட்டில் இருந்த ஒரே அடையாளம் ஜெயஸ்ரீயின் தலையில் இருந்த அந்தப் பூதான். அது இறங்கினால் அவன் செத்தான்.

நிச்சயதார்த்தத்தன்று காலையிலேயே மலிகா பூ மூட்டையோடு வந்து இறங்கினாள். கதவைத் திறந்துவிட்டவள் ஜெயஸ்ரீ. தலை நிறையப் பூ, நெற்றியில் பொட்டு, கையில் கண்ணாடி வளையல். கோயிலில் தட்டை வைத்துக் கும்பிட்டுவிட்டு வருவதாகச் சொல்லி வீட்டார் எல்லாரும் கிளம்பிப் போனார்கள். வீட்டில் மலிகா மட்டும்.

வேலை அவளுக்கே திருப்தியாக அமைந்தது. வாசலில் சாமந்திச் சரம், கூடத்து நடுவில் மாப்பிள்ளை வீட்டார் உட்காரும் இடத்துக்குப் பின்னால் வெள்ளை ரோஜாக் கொத்து, ஜன்னல் ஓரத்தில் தொங்குகிற மாதிரி பச்சைக் கொடி. வெளிறிப்போன சுண்ணாம்புச் சுவர் தெரியாமலே போயிற்று. மிச்சமாகக் கொஞ்சம் மல்லிச் சரமும் சில ரோஜாக்களும் கையில் நின்றன. நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள்.

இரண்டு படம். ஒன்று நீலமேகம், அதில் பழைய மாலை, நிறமே தெரியவில்லை. பக்கத்திலேயே ஒரு வாலிபன், கோடு போட்ட சட்டையில் சிரித்துக்கொண்டு. அந்தப் படத்துக்கு மேலே சின்னதாகச் சிவப்பு பல்பு. மாலை கிடையாது.

அந்தப் படம் அப்பன் படத்துக்குப் பக்கத்தில் வந்ததற்குக் காரணம், எதிர்ச்சுவரில் ஓதம் ஏறிப் படம் பூஞ்சை பிடித்ததுதான். அந்த பல்பை மாட்டினவள் தாயம்மா. இருட்டின பிறகு வீட்டுக்கு வருகிறவனுக்கு வெளிச்சம் வேண்டாமா என்று சாயங்காலம் ஆனால் அவளே போடுவாள். இதெல்லாம் மலிகாவுக்கு எப்படித் தெரியும்? செத்த அப்பனுக்குப் பக்கத்தில் படம், மேலே பல்பு. வேறு என்ன நினைப்பாள்? தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு கதவைத் திறந்தவளை இந்தப் படத்தோடு சேர்த்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை. ஜெயஸ்ரீ வேறு மகனின் பெண்டாட்டியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. 'பாவம், சின்ன வயசு. மாலைகூட போடாம வுட்டுட்டாங்களே' என்று அவள் மனசு உருகிவிட்டது. மனசு உருகினால் மூளை எங்கே வேலை செய்யும்.

உட்கார்ந்து இரண்டு மாலை கட்டினாள். நீலமேகத்துக்குச் சாதாரணமாக ஒன்று. அந்த வாலிபனுக்கு நெருக்கமாக மல்லி, நடுநடுவே ரோஜா, ஓரத்தில் பழுப்பு, ஒன்றிரண்டு மொட்டு. அவள் அதுவரைக்கும் கட்டினதிலேயே நன்றாக அமைந்தது அதுதான். காலையில் பறித்து மத்தியானம் லேசாக வாடத் தொடங்கின மாலை மாதிரியே இருந்தது. காற்றில் ஆடக் கூடாது என்று படத்துக்குப் பின்னால் கம்பியைப் போட்டு இறுக்கி முறுக்கினாள்.

முதலில் உள்ளே வந்தவள் தாயம்மா. வாசல் சரத்தைத் தொட்டுப் பார்த்து, "யம்மாடி, நெசப் பூவாட்டம் கீதே! கையில புடிச்சாக்கூட தெரியல" என்றாள். மலிகா பூரித்துப்போய், அந்த அம்மாள் சுவரைப் பார்க்கட்டும் என்று கொஞ்சம் விலகி நின்றாள்.

தாயம்மா பார்த்தாள். கையில் இருந்த குங்குமக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். படத்துக்குக் கிட்டே போய் மூக்கை நீட்டி முகர்ந்து பார்த்தாள்.

"யாரு போட்டது?"

"நான்தாம்மா. எங்க சனத்துல இது கிடையாது. ஆனாலும் உங்க புள்ளைக்கு நானா என் கையால..."

பின்னாலேயே வந்த சிவந்தி கையில் இருந்த தேங்காயைப் போட்டுவிட்டாள். "யக்கா! இன்னா காரியம் பண்ணிட்ட! எங்கண்ணன் சாவலக்கா! காணாமதான் போயிருக்குது! கழட்டு, கழட்டுக்கா!"

மலிகா, யா அல்லாஹ் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். தான் முறுக்கின கம்பி தன் கைக்கே பிரியவில்லை. அவள் அங்கே தொங்கிக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை வீட்டார் உள்ளே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை மணியின் அத்தை முன்னால் வந்தவள் சுவரைப் பார்த்தாள்.

"மாலை போட்டாச்சா? காரியம் எப்ப பண்ணீங்க? எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லலியே."

அந்த அம்மாள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. வாயில் வந்ததைக் கேட்டாள். கேட்டுவிட்டு, யாரும் சொல்லித்தராமல் அவள் பார்வை ஜெயஸ்ரீயின் தலைக்குப் போனது. கூட வந்த பெண்களின் பார்வையும் போனது. ஜெயஸ்ரீ தாம்பூலத் தட்டைப் பிடித்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். நாத்தனாரின் நிச்சயத்துக்கு அவள்தான் தட்டு எடுத்து வர வேண்டும் என்று ஏற்பாடு.

அவள் ஒருவரையும் பார்க்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தட்டைத் தரையில் வைத்தாள். பின்பக்கம் கையைக் கொண்டுபோய் ஊசியை எடுத்து, தலையில் இருந்த மல்லியை இறக்கித் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, சமையல்கட்டுக்குள் போய்விட்டாள்.

ஒருவழியாகக் கம்பி பிரிந்தது. மலிகா மாலையைத் தன் பைக்குள் திணித்துக்கொண்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் பின்வாசலுக்கு ஓடினாள். சமையல்கட்டு ஜன்னல் அங்கேதான் இருந்தது. அங்கிருந்து நகர அவளுக்குக் கால் வரவில்லை.

உள்ளே தாயம்மா அந்த மல்லியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"திரும்புடி, வெச்சுவுடறேன். மாப்ள வூட்டுக்காரங்க வந்துகினே கீறாங்க. நீதான் தட்டு எடுத்தாரணும்."

"வேணாம் அத்தே."

"அது பிளாஸ்டிக்குடி. அந்தப் பாயம்மா தெரியாம மாட்டிட்டா. பிளாஸ்டிக்கு மாலைக்கெல்லாம் ஒருத்தன் செத்துருவானா?"

"மாலை பிளாஸ்டிக்குதான். அதப் பாத்ததும் எனக்கு அழுகை வந்துச்சு பாரு, அது பிளாஸ்டிக்கு இல்ல." ஜெயஸ்ரீ இப்போது வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். "அழுதா அவரு செத்ததா ஆயிரும்னு சொன்ன. மூணு வருசமா நான் அழுவல அத்தே. வூட்டுக்குள்ள அழுவல, வேல பாக்குற இறால் கம்பெனில ஒக்காந்து அழுவல. நீ தெனம் பூ வெக்கும்போது எனக்குக் கழுத்துல கல்லு கட்டுன மாதிரி இருக்கும். உன் மனசு நோவுமேனு தலையக் குடுத்தேன். அவரு இல்ல அத்தே. உனக்கும் தெரியும்."

தாயம்மா அவளைப் பளார் என்று ஒரு அறை விட்டாள். பிறகு அடித்த கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மல்லி அவள் காலடியில் கிடந்தது. ஜெயஸ்ரீ சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்குத் தட்டை எடுத்து வந்தவள் பக்கத்து வீட்டுப் பெண். நிச்சயம் நடந்தது, சாப்பாடும் நடந்தது. வந்தவர்கள் வெள்ளை ரோஜாக் கொத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பூ நிஜமாட்டமே இருக்கிறது என்று நாலைந்து பேர் சொன்னார்களாம். மலிகா அதைக் கேட்க அங்கே இல்லை.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அப்துல் வஹாப் கிண்டல் பண்ணவில்லை. "நீ இன்னா வேணும்னா பண்ண? தெரியாமத்தான பண்ண. அல்லாவுக்குத் தெரியும், வுடு" என்றார்.

"அல்லாவுக்குத் தெரியும். அந்தப் பொண்ணுக்கு யாருங்க சொல்றது? காலையில சிரிச்சுகினு எனக்கு டீ போட்டுக் குடுத்துச்சுங்க. சாயங்காலத்துக்குள்ள நான் அத தாலியறுத்தவளா ஆக்கிட்டு வந்துட்டேன்."

"நீ ஆக்கல. கடலு ஆக்குச்சு."

"கடலு சொல்லாம வுட்டத நான் சொல்லிட்டேனே."

அந்த மாலையைக் கொண்டுபோய்க் கடலிலாவது போட்டுவிட்டு வா என்றார். அவளால் முடியவில்லை. பிரித்து வேறு வீட்டுப் பூவோடு சேர்க்கவும் கை வரவில்லை. ஒரு பழைய துப்பட்டாவில் சுற்றி பீரோ மேல் போட்டு வைத்தாள். படுத்தால் கண் அங்கேதான் போகும். மாலை அன்பளிப்பு அன்றோடு நின்றது. இந்து வீட்டு வேலைக்குப் போனால் சுவரைப் பார்க்காமல் குனிந்தபடியே வேலையை முடித்துக்கொண்டு வந்தாள்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று முகத்துவாரக்குப்பத்துக்குப் போனாள். தாயம்மா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "ஆர்டரெல்லாம் ஒண்ணியும் இல்ல, போம்மா" என்று சொல்லிவிட்டாள். இன்னொருதரம் போனபோது கதவே திறக்கவில்லை.

சிவந்திதான் எப்போதாவது போனில் பேசுவாள். அவள் சொல்லித்தான் தெரிந்தது. ஜெயஸ்ரீ பூ வைப்பதில்லை, தாலியைக் கழற்றவும் இல்லை. வேலைக்குப் போவதில்லை. தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கிறது. காசிமேட்டில் இருந்து அவள் அம்மா வீட்டார் வந்து கூப்பிட்டார்கள். போக மாட்டேன் என்றாள். "அத்தை வாயால அவரு இல்லனு சொல்லட்டும். மாலை போட்டு, காரியம் பண்ணி, என்னை அனுப்பட்டும். காணாமப்போனவன் பொண்டாட்டியா நான் எங்கியும் வர மாட்டேன்" என்பது அவள் பிடிவாதம். தாயம்மாவும் விடவில்லை. பொழுது சாய்ந்தால் பஸ் ஸ்டாப்புக்குப் போய் மல்லி வாங்கி வந்து மருமகளின் பக்கத்தில் வைப்பாள். அது காலையில் வாடிக் கிடக்கும். சிவந்தியின் கல்யாணம் அப்படியே சத்தமில்லாமல் நடந்து முடிந்தது. மலிகாவைக் கூப்பிடவில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள் மத்தியானம் மலிகா வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு தாயம்மா வந்து நின்றாள். டீக்கடைக்காரர் குடையோடு பின்னால் நின்றார். முந்தானையெல்லாம் நனைந்திருந்தது. நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்த துண்டுச் சுருள் மட்டும் நனையவில்லை.

மலிகா உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்து, தலை துவட்டத் துணி கொடுத்தாள். தாயம்மா சுற்றிலும் பார்த்தாள். சுவர், ஜன்னல், பீரோ இடுக்கு எல்லாம் பூ. டீ வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அவ சோறு துன்ன மாட்டேங்கிறா பாயம்மா. கட்ட மாதிரி ஆயிட்டா. நான் பெத்தது வரும் வரும்னு ஒக்காந்துகினு கீறேன், வந்தவ என் கண்ணு முன்னாலியே காஞ்சு போறா. மாலை போட்டாத்தான் எழுந்து போவாளாம். போடறேன். போடாம இன்னா பண்றது?"

துண்டைப் பிரித்தாள். கோடு போட்ட சட்டையில் தாமோதரன் சிரித்தான்.

மலிகா பீரோ மேல் இருந்த துப்பட்டாவை இறக்கினாள். "எம்மேல கோவம் இருந்தா ரெண்டு அடி அடிச்சிருங்கம்மா" என்றாள். "அன்னிக்குப் போட்ட அதே மாலைதான். யாருக்கும் குடுக்கல. எடுத்துகினு போங்க."

தாயம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு விரலால் நெருடினாள். இதழ் ஓரத்தில் அவள் நகம் நின்றது.

"இது இன்னா, பழுப்பா கீது?"

"டீ டிகாஷன்மா. வாடுன மாதிரி தெரியறதுக்காக..."

தாயம்மா மாலையை எடுத்து மெல்லத் தள்ளி வைத்தாள்.

"இது வேணாம். இது ரொம்ப நெசமா கீது. இத அவன் கழுத்துல பாத்தா எனக்குத் தாங்காது. எனக்குப் பொய்ப்பூவுல கட்டிக் குடு. ரோட்டுல போறவன் எட்டி நின்னு பாத்தாக்கூட பொய்னு சொல்லணும்."

மலிகா இதுவரைக்கும் யாருக்கும் அப்படி ஒன்றைக் கட்டியது கிடையாது. கட்டிலுக்கு அடியில் ஒரு பையில், மொத்தக் கடையில் இனாமாகப் போட்டுக் கொடுத்த மட்டமான பூக்கள் கிடந்தன. பிளாஸ்டிக் ரோஜா, எந்தச் செடியிலும் பூக்காத நீல நிறத்தில். இலை பளபளவென்று, அதில் ஜிகினா வேறு. அவள் வெட்கப்பட்டு வெளியே எடுக்காமல் வைத்திருந்தவை. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கோத்தாள். பழக்கதோஷத்தில் அவள் விரல் ஒரு இதழைப் பிடித்து வளைக்கப் போயிற்று.

"வளைக்காத. அப்பிடியே வுடு" என்றாள் தாயம்மா.

வளைக்காமல் விட்டாள். கண்ணீர் மறைத்து ஊசி இரண்டு தரம் விரலில் குத்தியது. படத்தில் மாலையை வைத்துப் பார்த்தபோது திருவிழாக் கடைப் பொம்மைக்குப் போட்ட மாதிரி இருந்தது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு அசிங்கமாக ஒன்றை அவள் செய்ததில்லை. அதைச் செய்து முடிக்கத்தான் இவ்வளவு கஷ்டப்பட்டாள்.

தாயம்மா படத்தைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தாள். அப்புறம் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். முகம் கொஞ்சம் தெளிந்தது.

"இப்பிடித்தான் இருக்கணும்" என்றாள். "என்னிக்காச்சும் வந்தான்னு வையி, 'இன்னாம்மா இது, கண்றாவியா பிளாஸ்டிக்க எம்மேல மாட்டி வெச்சிகீற'ன்னு அவனே பிச்சிக் கடாசிடுவான்."

மலிகா படத்தை மாலையோடு சேர்த்துத் துண்டில் சுற்றிக் கொடுத்தாள். கல்மண்டபம் முனை வரைக்கும் குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்து போய், எண்ணூர் ஷேர் ஆட்டோவில் தாயம்மாவை ஏற்றிவிட்டு வந்தாள்.